தவறேற்பாளர், முதல் நிலை

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில்: இன்று முதல் இம்மாநிலத்தின் எந்தச் சாலையிலும், எந்த வாகனம், யார் மீது மோதினாலும், அதில் யார் மீதும் தவறில்லை. சக்கரம் கண்டுபிடித்த நாளிலிருந்து மனிதகுலம் தலையில் சுமந்துவந்த பெரும் பாரம் இன்று இறக்கிவைக்கப்படுகிறது. வாகனம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் 'தவறில்லாக் காப்பீடு' எடுத்தே தீர வேண்டும். எடுக்காதவர் மீது மட்டும் தவறு உண்டு.

இப்படித்தான் அந்தச் சட்டம் வந்தது. அறிவிப்பை வாசித்தபோது அமைச்சரின் குரல் தழுதழுத்தது என்றும், அது மைக் கோளாறு என்றும் இருவேறு கருத்துகள் உண்டு.

சட்டம் நல்ல சட்டம்தான். அதற்கு முன்பெல்லாம் கால் ஒடிந்தவர் நஷ்டஈடு வாங்க வேண்டுமென்றால், இடித்தவர் மீதுதான் தவறு என்று கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். நிரூபித்து முடிப்பதற்குள் கால் கோணலாகக் கூடியிருக்கும், அல்லது காலுக்குச் சொந்தக்காரர் போய்ச் சேர்ந்திருப்பார். புதிய சட்டப்படி ஒவ்வொரு வண்டியிலும் 'சமனி' என்று ஒரு சின்னப் பெட்டியைப் பொருத்தினார்கள். மோதல் நடந்த கணமே அது நடந்ததையெல்லாம் பூட்டி முத்திரை வைத்துவிடும். ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே அடிபட்டவரின் கணக்கில் பணம் ஏறிவிடும். யார் இடித்தது, யார் குறுக்கே வந்தது என்ற பேச்சே கிடையாது. ஒரே ஒரு நிபந்தனை, ஓட்டியவர் அடிபட்டவரிடம் "என் தப்பு" என்று சொல்லிவிடக் கூடாது. சொன்னால் பூட்டு திறந்துகொள்ளும், பணம் நின்றுபோகும், விவகாரம் பழையபடி கோர்ட் வாசலுக்குப் போய்விடும். ஓட்டியவர் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்குப் போனால்கூட அது ஒப்புதல் வாக்குமூலம்தான். சாத்துக்குடி பற்றி இன்னும் தீர்ப்பு வரவில்லை.

கொஞ்ச காலம் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. பிறகு விபத்து நல்லிணக்க வாரியத்துக்கு மனுக்கள் வரத் தொடங்கின. பணம் வந்துவிட்டது, எலும்பும் கூடிவிட்டது, ஆனால் சோறு இறங்கவில்லை என்றார்கள். "திட்டறதுக்கு ஒரு ஆளாச்சும் அனுப்புங்க சாமி" என்று பொள்ளாச்சியிலிருந்து ஒருவர் எழுதினார். திருப்பூரில் ஒரு பெண்மணி, தன் கணவனை இடித்த காரின் சமனியைக் கழற்றி நடுரோட்டில் வைத்துத் துடைப்பத்தால் அடித்தார். அது "யார் மீதும் தவறில்லை" என்று இனிமையான குரலில் சொல்லிக்கொண்டே அடி வாங்கியது. வாரியம் கூடியது. பெரிய மனிதர்கள் அடங்கிய குழு ஒன்று சுவிட்சர்லாந்து போய், அங்கே இப்படி எதுவும் இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு திரும்பி வந்து, சீர்திருத்தத்தைப் பரிந்துரைத்தது.

அந்தச் சீர்திருத்தத்தின் பெயர் தவறேற்பாளர்.

அரசுச் சம்பளம் வாங்கும் ஒருவர் அடிபட்டவரின் வீட்டுக்குப் போவார். நான்தான் இடித்தேன், என் மேல்தான் தப்பு என்பார். வீட்டார் திட்டுவதை முழுக்க வாங்கிக்கொள்வார். அவர் சட்டையில் குத்தியிருக்கும் 'தணிமானி' என்ற வில்லை எதிரில் இருப்பவரின் குரலையும் மூச்சையும் கேட்டுக்கொண்டே இருக்கும். கோபம் தணிந்ததும் அதன் சிவப்பு விளக்கு பச்சையாகும். பச்சையானால் மன்னிப்பு என்று பதிவு. யாருக்கு எந்த விபத்து என்பதை இயந்திரம் குலுக்கிப் போடும். நிஜமாக இடித்தவர் மட்டும் வரக் கூடாது. வந்தவர் இடித்தவர் அல்ல என்று அடிபட்டவருக்குத் தெரியும். தெரிந்தும் அழுதார்கள், தெரிந்தும் திட்டினார்கள், தெரிந்தும் நன்றாகத் தூங்கினார்கள். நம் மக்களுக்கு ஆள்தான் முக்கியம், எந்த ஆள் என்பதில் அவ்வளவு பிடிவாதம் இல்லை.

கோயம்புத்தூர் மண்டலத்தில் இந்தக் கலையின் சிகரம் தெய்வசிகாமணி. அதற்கு முன்பு வீடு வீடாகத் தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் விற்றவர், சாத்திய கதவுக்கு முன்னால் குனிந்து நிற்பதில் நீண்ட அனுபவம் உள்ளவர். அவர் வாசலில் செருப்பைக் கழற்றுகிற விதத்திலேயே பாதிப் பேர் தணிந்துவிடுவார்கள். "நாந்தானுங்க இடிச்சேன். குருட்டுத்தனமா ஓட்டுனது நாந்தான். நீங்க என்ன சொன்னாலும் தகுமுங்க" என்று அவர் தொடங்கினால் வில்லை பச்சையாகிவிடும். பீளமேட்டில் ஒரு பெரியவர் திட்டி முடித்துவிட்டு, "சாப்புட்டுப் போட்டுப் போங்க" என்று இலை போட்டிருக்கிறார். மண்டல அதிகாரி கூட்டங்களில் அவரைக் காட்டி, "தெய்வசிகாமணியின் 'நான்' என்ற சொல்லில் ஒரு கனம் இருக்கிறது" என்பார். அதிகாரிக்கு அது தான் சொன்ன வாக்கியம் என்பதில் தனி மகிழ்ச்சி.

வீட்டில் மட்டும் இந்தப் புகழ் எடுபடவில்லை. "ஊர்ல இருக்கறவன் தப்புக்கெல்லாம் போயி அழுகறீங்க. சிலிண்டருக்குச் சொல்லுங்கன்னு நேத்து சொன்னனே, என்னாச்சுங்க?" என்றாள் மனைவி பூங்கொடி ஒருநாள்.

"மறந்துபோச்சு" என்றார் தெய்வசிகாமணி பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

ஒரு வியாழக்கிழமை காலை அவர் ஒண்டிப்புதூருக்குப் போய்க்கொண்டிருந்தார். அங்கே ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவரின் புல்லட்டை லாரி நசுக்கியிருந்தது. புல்லட்டை மகனைவிட மேலாக வைத்திருந்தவர், சாதாரண அழுகைக்கு மசிய மாட்டார் என்று தெய்வசிகாமணிக்குப் பட்டது. கண்ணீர் கண்ணில் ததும்ப வேண்டும், ஆனால் விழக் கூடாது. பார்க்கிறவர் 'பாவம், அடக்கிக்கொள்கிறான்' என்று நினைக்க வேண்டும். அதை அவர் காருக்குள் பின்னால் வரும் வண்டிகளைக் காட்டும் கண்ணாடியில் முகம் பார்த்துப் பழகிக்கொண்டே ஓட்டினார். சிங்காநல்லூர் சிக்னலைத் தாண்டியபோது அது அற்புதமாக வந்துவிட்டது. கண்ணாடிக்குள் ததும்பிய அந்தக் கண்களை அவரே கொஞ்சம் ரசித்தார்.

அப்போதுதான் சத்தம் கேட்டது.

கோடு போட்ட இடத்தில்தான் அந்த அம்மாள் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார். குப்புற விழுந்து கிடந்தார். கழுத்தில் மாட்டியிருந்த விசில் அறுந்து தனியே உருண்டு போயிருந்தது. வலது முட்டி, ஒரு முட்டி திரும்பக் கூடாத பக்கமாகத் திரும்பியிருந்தது. தெய்வசிகாமணி கதவைத் திறந்து ஓடினார். அதற்குள் சமனி பேசியது.

"ஒரு நிகழ்வு நிகழ்ந்துள்ளது. யார் மீதும் தவறில்லை. அடிபட்டவரின் நலன் கருதி வாய் திறக்க வேண்டாம். நன்றி."

கூட்டம் கூடியது. சட்டம் வந்ததிலிருந்து விபத்து நடந்த இடத்தில் கூடும் கூட்டமும் ஊமையாகவே நின்று பழகிவிட்டது. யாரும் அவர் சட்டையைப் பிடிக்கவில்லை. ஒருவர் தண்ணீர் பாட்டில் நீட்டினார், அதுவும் அவருக்கே. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அந்த அம்மாள் நினைவில்லாமல் இருந்தார். இவர் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

அன்று ஒண்டிப்புதூர் மேலாளர் வீட்டில் வில்லை, வாசல்படியிலேயே பச்சையானது. அப்படி ஒரு அழுகையை அந்த மனிதர் பார்த்ததே இல்லையாம். "புல்லட்டுதானுங்க, விடுங்க" என்று அவரே தேற்றி அனுப்பினார்.

அதன் பிறகு தெய்வசிகாமணிக்கு வேலை கசந்தது. போகிற வீட்டிலெல்லாம் திட்டினார்கள். ஒரு திட்டும் அவர் மேல் ஒட்டவில்லை. இது அந்த லாரிக்காரனுக்கு, இது அந்த ஆட்டோக்காரனுக்கு என்று தபால்காரர் மாதிரி வாங்கி வாங்கி உள்ளே போட்டுக்கொண்டார். தன் பெயருக்கு வரவேண்டியது மட்டும் வரவே இல்லை. காரின் கண்ணாடியைக் கூரைப் பக்கமாகத் திருப்பிவைத்தார். பின்னால் ஹாரன் அடித்தவர்களுக்குத் திரும்பிப் பார்த்தே வழிவிட்டார். சாப்பிட உட்கார்ந்தால் அந்த முட்டி ஞாபகத்துக்கு வந்தது.

அடுத்த வாரம், அலுவலகத்துக்கு எதிர் பேக்கரியில், உடன் வேலை பார்க்கும் குழந்தைவேலு டீயில் பன்னை நனைத்துக்கொண்டே சொன்னான்.

"சிங்காநல்லூர் கேஸ் எனக்கு விழுந்துருக்குதுங்ணா. கவர்மெண்ட் ஸ்கூல் பி.டி. டீச்சர், சாரதாமணின்னு பேரு. கபடிக்கு ஸ்டேட் லெவல்ல நடுவரா இருக்கறவங்களாமா. முட்டி போச்சு. இனி மடக்கவே முடியாதுன்னுட்டாங்க. பெரிய கோவக்கார அம்மாவாட்ட இருக்குது."

தெய்வசிகாமணியின் டீ ஆடை கட்டத் தொடங்கியிருந்தது. "அதை எனக்குக் குடு" என்றார்.

"உங்களுக்குத்தான் ஏற்கெனவே கையில ரெண்டு இருக்குதே?"

"குடு குழந்தை."

குழந்தைவேலு பன்னைக் கீழே வைத்தான். மெதுவாகக் குரலைத் தாழ்த்தி, "அண்ணா, உங்க வண்டிங்களா?" என்றான்.

"நான் ஒண்ணுஞ் சொல்லலியே."

"சொல்லாதீங்க. சொன்னா எனக்குந் தெரிஞ்சதா ஆயிரும்." அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டான். "இப்ப உங்களுக்கு என்ன கொறைங்கிறேன்? உங்க மேல தப்பில்லைன்னு கவர்மெண்ட்டே சொல்லுது. அதை மறுக்க நீங்க ஆருங்ணா?"

"நேராப் போயி, நெசமாவே நாந்தான்னு சொன்னா?"

"அந்தம்மாவுக்குப் பணம் நிக்கும். இன்னொரு ஆபரேசன் பாக்கி கெடக்குது. உங்க மனசு லேசாகறதுக்கு அவங்க முட்டியக் குடுக்கோணுமா?"

தெய்வசிகாமணி இதைத் தனக்குள் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தார். அடுத்தவர் வாயிலிருந்து கேட்டபோதுதான் குத்தியது.

"அதுக்குத்தான் உன்னைக் கேக்கறேன்" என்றார். "உன்ற வில்லையக் குத்திட்டு நான் போறேன். ஆள் மாறுனது ஆருக்குந் தெரியாது. நாந்தான் இடிச்சேன்னு சொல்லுவேன். அவங்க டூட்டிக்குச் சொல்றான்னு நெனச்சுக்குவாங்க. நெனைக்கட்டும். ஆனா திட்டுனா அது எனக்கு விழும். எனக்குன்னே விழும். மன்னிச்சாலும் அப்படித்தான்."

குழந்தைவேலு சட்டைப் பக்கம் கையைக் கொண்டுபோனான். "திட்டு வாங்கறதுக்கு ரெகமண்டேசன் புடிக்கற மொத ஆளு நீங்கதானுங்ணா" என்று சொல்லி, வில்லையைக் கழற்றி மேசை மேல் வைத்தான்.

வரதராஜபுரத்தில் ஒரு மாடி வீடு. கதவு திறந்தே இருந்தது. சாரதாமணி டீச்சர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, எதிரில் இன்னொரு நாற்காலியில் வலது காலை நீட்டி வைத்திருந்தார். தொடையிலிருந்து கணுக்கால் வரை கட்டு. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், மைதானத்தில் நின்று நின்று கறுத்த முகம். இவரைப் பார்த்ததும் டிவியை அணைத்தார்.

"வாரியத்துலருந்துங்களா? உக்காருங்க. இல்ல, உங்க ரூல்ல நிக்கோணுமா? நின்னுக்கங்க. சரி, ஆரம்பிங்க."

தெய்வசிகாமணி செருப்பைக் கழற்றியதே சரியாக வரவில்லை. ஒன்று கவிழ்ந்து விழுந்தது. கையைக் கட்டிக்கொண்டார். கட்டு மேல் கண் போயிற்று. அதிலிருந்து எடுக்க முடியவில்லை.

"டீச்சர், அன்னிக்கு சிங்காநல்லூர்ல, சிக்னல் தாண்டி வாரப்ப, வண்டி பட்டுருச்சுங்க."

"என்னது?"

"வண்டி இடிச்சுருச்சுங்க டீச்சர்."

"வண்டி இடிச்சுருச்சா?"

"ஆமாங்க. கண்ணு ஒரு நிமிசம் கண்ணாடிப் பக்கம் போயிருச்சு. அதுக்குள்ள நடந்துபோச்சுங்க."

சாரதாமணி தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தார். புதிதாகச் சேர்ந்த மாணவியைப் பார்ப்பது போல இருந்தது அந்தப் பார்வை.

"வண்டிய ஓட்டுனது ஆரு?"

"ஓட்டிட்டு வாரப்பதானுங்க டீச்சர்..."

"வாரப்பங்கிறது ஒரு ஆளா? நான் பேரைக் கேக்கறேன்."

தெய்வசிகாமணி வாயைத் திறந்தார். கோவை மண்டலத்தில் பாதி வீடுகளில் 'நான்' என்று சொன்ன வாய் அது. ஊரார் தவறுகளுக்கு முன்னால் அந்தச் சொல் வழுக்கிக்கொண்டு வந்து விழுந்திருக்கிறது. இப்போது வண்டி வந்தது, கண் வந்தது, கண்ணாடி வந்தது, சிக்னல் வந்தது. உலகத்திலுள்ள அத்தனை பெயர்ச்சொற்களும், இந்தக் குற்றத்தைச் செய்தது நாங்கள்தான் என்று முண்டியடித்துக்கொண்டு வந்து நின்றன. அவர் மட்டும் வரவில்லை. தொண்டையில் எங்கேயோ மாட்டிக்கொண்டு நின்றார்.

"எதிர்பாராம ஆயிப்போச்சுங்க" என்றார்.

சாரதாமணி சிரித்துவிட்டார். கோபமே இல்லாத சிரிப்பு. அதுதான் பயமாக இருந்தது.

"என்ற புள்ளைங்களும் இப்பிடியேதான். கோட்டைத் தாண்டிப்போட்டு, 'கால் போயிருச்சு மிஸ்'ங்கும். காலு மட்டும் தனியா பஸ் ஏறிப் போச்சான்னு கேப்பேன். முடியப் புடிச்சு இழுத்துப்போட்டு, 'கை பட்டுருச்சு'ங்கும். நான் போட்டேன், நான் புடிச்சேன்னு சொல்ற புள்ளைய ஒரு வார்த்தை திட்ட மாட்டேன். பட்டுருச்சுன்னு சொல்றதை கிரவுண்டைச் சுத்தி ஓட விட்டுருவேன்." நீட்டிய காலைப் பார்த்தார். "இந்தக் காலுக்கு நீங்க ஓடியும் பிரயோசனமில்லை. நான் ஒரே ஒரு வார்த்தைக்குத்தான் இத்தனை நாளா உக்காந்திருக்கேன். அதைக்கூட ஒழுங்காச் சொல்லிக்குடுத்து அனுப்பலியா உங்க ஆபீஸ்ல?"

"டீச்சர்..."

"உங்களக் குத்தஞ்சொல்லி என்ன பண்றது? மொகத்தைப் பாத்தாலே தெரியுது. உங்களுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சம்பளத்துக்கு வந்திருக்கீங்க. மனசுல இருந்தா வார்த்தை தன்னால வந்திருக்கும்."

தெய்வசிகாமணிக்கு எங்கிருந்தோ மூச்சு வந்தது. "நாந்தானுங்க டீச்சர். நெசமாலுமே நாந்தான் இடிச்சேன். கண்ணாடியில மொகம் பாத்துட்டே ஓட்டுனேன். நாந்தான் பாத்தேன். நீங்க ரோட்டைத் தாண்டிட்டு இருந்தீங்க, உங்க விசில் அந்துபோச்சு..."

"இதா, நான் எடுத்துக்குடுத்ததும் சொல்றீங்க பாத்தீங்களா? அதுங்களும் இப்பிடித்தான், தப்பைச் சொன்னதும் டக்குனு மாத்திக்கும். விசில் கதையெல்லாம் கேஸ் கட்டுலயே போட்டிருப்பாங்க." ரிமோட்டை எடுத்தார். "போயிட்டு வாங்க. வேற ஆளு அனுப்பச் சொல்லி நான் போன் பண்ணிக்கறேன். வெயில் சாஸ்தியா இருக்குது, தண்ணி வேணும்னா அந்தச் சொம்புல இருக்கு."

சட்டையில் வில்லை சிவப்பாகவே எரிந்துகொண்டிருந்தது. அவர் தண்ணீர் குடிக்கவில்லை. திட்டவும் இல்லையே, ஒரு சொல் திட்டவில்லையே என்று நினைத்துக்கொண்டே படியிறங்கினார். ரோட்டுக்கு வந்ததும், யாரும் பார்க்காத இடத்தில் சுவரோடு ஒட்டி நின்று, நான் இடிச்சேன், நான் இடிச்சேன் என்று சொல்லிப் பார்த்தார். கச்சிதமாக வந்தது.

மறுநாள், டீச்சர் ஆபீஸுக்குப் போன் பண்ணுவதற்கு முன்பே, தன் வில்லையைத் தானே குத்திக்கொண்டு குழந்தைவேலு போய்வந்தான். பேக்கரியில் அவருக்காகக் காத்திருந்தான். முகம் களையாக இருந்தது.

"முடிஞ்சுதுங்ணா."

"என்ன சொன்னே?"

"எப்பவும் சொல்றதுதான். வாசல்லயே, 'நாந்தாம்மா இடிச்சேன், என்னைச் செருப்பால அடிங்க'ன்னு முட்டி போட்டு உக்காந்துட்டேன். மொதல்ல கண்டபடி திட்டுனாங்க. என்ன வாயிங்கறீங்க? அப்புறம் அழுதாங்க. நானும் அழுதேன். ரெண்டாவது டம்ளர் காப்பிக்கு முன்னாடி பச்சை. 'உன்னை மன்னிச்சுட்டேன் கண்ணு, இனி பாத்து ஓட்டு'ன்னு தலைல கை வெச்சாங்க."

தெய்வசிகாமணி கேட்டுக்கொண்டிருந்தார். "என்னைப் பத்தி எதாவது?"

"நேத்து வந்தவரு ஆருன்னாங்க. புதுசுங்க, பழகிட்டிருக்காருங்கன்னு சொன்னேன். வேற என்னத்தைங்ணா சொல்றது?"

"அதுக்கு?"

"பாவம், அவரைக் கோவிச்சுக்காதீங்கன்னாங்க. பண்ணாத தப்பை ஏத்துக்கறது எல்லாத்துக்கும் வராது, அந்த மனுசன் என்ன பண்ணுவாருன்னாங்க."

கடைக்காரர் இரண்டு டீயைக் கொண்டுவந்து வைத்தார். தெய்வசிகாமணி டம்ளரைத் தொடவில்லை.

"முட்டி வலி எப்படி இருக்குதாம்?"

"அது கேக்கலீங்ணா."

மன்னிப்பு குழந்தைவேலுவின் பெயரில் பதிவாயிற்று.